ஒரே ஒரு சொல்லோடு கிடந்தேன்

சபையாரே, பேசும்போது இடையிடையே எனக்குச் சொல் நின்றுபோகும். பொறுத்துக் கேளுங்கள்.

பெரிய யுத்தம் முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில், சுண்ணாம்புக் குழிகளுக்கு மேஸ்திரியாக இருந்தேன். ஆடி மாதத்தில் ஒரு காலை. ஊறிய தோல்களைப் புரட்டச் சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. கையிலிருந்த கோல் நழுவியது. வலது கால் மடங்கியது. கூலியாட்கள் என்னைக் கட்டிலில் கிடத்தி வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள்.

எல்லாம் கேட்டது. எல்லாம் புரிந்தது. என் மனைவி எஸ்தர், "இன்னா ஆச்சுங்க? என்னைத் தெரியுதா?" என்று அழுதாள். தெரிகிறது என்று சொல்ல நினைத்தேன். "தண்ணி" என்றேன். ஓடிப்போய்ச் செம்பு நிறையக் கொண்டுவந்து ஊற்றினாள். புரையேறியது. மூச்சு முட்டியது. போதும் என்று சொல்லப் பார்த்தேன். "தண்ணி, தண்ணி" என்றுதான் வந்தது. பாவம், அவள் இன்னும் ஊற்றினாள்.

எதற்கும் அந்த ஒரு சொல்தான். சபையில் ஜெபிக்கச் சொன்னால் தயங்காதவன் நான். இப்போது ஆண்டவரே என்று அழைக்கக்கூட முடியவில்லை. நல்ல காலால் கட்டில் சட்டத்தை உதைத்துக்கொண்டே இருந்தேன். ஒன்று என்னைத் தூக்கிவிடும், இல்லாவிட்டால் எடுத்துக்கொள்ளும் என்று சொல்லில்லாமல் கெஞ்சினேன்.

மறுநாள் காய்ச்சல் கண்டது. மார்பில் சளி கரகரத்தது. என் அண்ணன், சூடு போடுகிற ஒருவரைக் காவேரிப்பாக்கத்திலிருந்து அழைத்து வந்தார். அடுப்பில் இரும்புக் கம்பி பழுத்தது.

"நெத்திப்பொட்டுல வெச்சா நாக்கு தானா திரும்பிடும். நீ தள்ளும்மா" என்றார் அண்ணன்.

"டாக்டராண்ட காட்டலாம் மாமா" என்றாள் எஸ்தர்.

"அதுக்குள்ள இவன் போய்ட்டான்னா?"

அன்பினால்தான் செய்தார். என் தலையைத் தன் மடியில் இறுக்கிப் பிடித்தார். கம்பியின் அனல் கன்னத்தில் அடித்தது. இயேசுவே என்று உள்ளே அலறினேன். வாயிலிருந்து, "வேணாம்!" என்று வெடித்தது.

எல்லோரும் திகைத்துப்போனார்கள். மறுபடி சொல்லிப் பார்த்தேன், வரவில்லை. ஆனால் எஸ்தர் கம்பிக்கும் எனக்கும் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டாள். "அவரே சொல்லிட்டாரு மாமா. வண்டி கொண்டாங்க." அண்ணனே போய் வண்டி பிடித்து வந்தார்.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். "மூளையில இடது பக்கம் ரத்தக்குழாய் அடைச்சிருக்கும்மா. பேச்சு, வலது கை, கால் எல்லாம் அங்கிருந்துதான் நடக்குது. ரத்தம் போகாம செத்த இடத்தை எழுப்ப மருந்து இல்ல. மீதி இடம் கொஞ்சம் வேலை கத்துக்கலாம். உறுதி சொல்ல மாட்டேன்."

"ஆனா இவரு வேணாம்னு சொன்னாரே, டாக்டர்?" என்று கேட்டாள் எஸ்தர்.

"பயத்துல தானா வர்ற சொல் சிலபேருக்கு மிஞ்சியிருக்கும். யோசிச்சுச் சொல்றதுதான் வராது. தண்ணின்னு கேட்டாலும் படுக்க வெச்சு ஊத்தாதீங்க. அவருக்குத் தொண்டையும் தளர்ந்திருக்கு. தண்ணி மார்ல இறங்கித்தான் இந்தக் காய்ச்சல்."

டாக்டர் சொன்னது சரிதான். ஆனால் வேணாம் என்ற அந்தச் சொல்லை எனக்கு மிச்சம் வைத்தவர் யாரென்று எனக்குத் தெரியும்.

முதுகு புண்ணாகாமல் என்னைப் புரட்டிப் படுக்கவைத்தார்கள். நிமிர்த்தி உட்காரவைத்து, கெட்டிக் கஞ்சியை ஸ்பூனால் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கியது. எஸ்தர் என் செத்த விரல்களை நீட்டி மடக்கினாள். சாமான்களைக் காட்டிப் பேர் கேட்டாள். தப்பாக வரும்போதெல்லாம் கோபத்தில் ஸ்பூனை வீசினேன். அவள் பொறுக்கி வந்து மறுபடி கேட்டாள். அவள் பேரையே "எத்தர்" என்று நான் சொன்ன அன்று, சிரித்துக்கொண்டே அழுதாள்.

அடுத்த ஈஸ்டருக்குக் கோலூன்றி ஆலயத்துக்கு வந்தேன். வலது கை இன்னும் தொங்குகிறது. குழி வேலை போய்விட்டது. ஷாப் வாசலில் உட்கார்ந்து தோல்களைத் தரம் பார்க்கிறேன். சில நாள் ஒரு சொல்லைத் தேடித் தவிப்பேன். இப்போது என் ஜெபம் சின்னது. ஸ்தோத்திரம் என்கிறேன், அவ்வளவுதான்.

உங்கள் வீட்டில் யாராவது பேச்சிழந்து கிடந்தால், செத்தவர்போல் ஒதுக்கிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், ஜெபியுங்கள். அவருக்குக் கேட்கிறது. அவர் சொல்ல முடியாததும் ஆண்டவருக்குக் கேட்கிறது.