பூவு அண்ணி பிடித்த விரால்

எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த முதல் வாரமே பூவு அண்ணி வாயை விட்டு மாட்டிக்கொண்டாள். வவ்வால் மீன் குழம்பை மூன்று தரம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, விரலைச் சூப்பிக்கொண்டே, "நல்லாத்தான் கீது. ஆனா விரால் கணக்கா வராது" என்றாள்.

சொன்ன இடம் ராயபுரம் கடற்கரை. வாசலைத் தாண்டினால் கட்டுமரம், அதைத் தாண்டினால் கடல். எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என் நைனா தண்டபாணி. பிறந்ததிலிருந்து கடலைத் தவிர வேறு தண்ணீரை மதிக்காதவர். குடிக்கிற தண்ணீரைக்கூடச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

"விராலா? அது மீனாமே? சேத்துல பொரள்ற ஜந்து" என்றார்.

அண்ணி சிரித்தாள். அவள் சிரிப்பு ஒரு கூடைச் சோழியைத் தரையில் கொட்டின மாதிரி இருக்கும். நடுவில் நிறுத்த முடியாது. எல்லாம் உருண்டு ஓய்கிறவரை காத்திருக்க வேண்டியதுதான். என் அண்ணன் பரசுராமன் கூரையைப் பார்த்தான். நைனாவுக்கும் தன் பெண்டாட்டிக்கும் நடுவில் எப்போது பேச்சு முற்றினாலும் அவனுக்குக் கூரையில் ஏதாவது வேலை இருக்கும்.

பூவம்மா அசலார் இல்லை. என் அம்மாவின் அண்ணன் மகள். அந்த மாமா ஒருவர்தான் எங்கள் ஆட்களில் கடலை விட்டுவிட்டுப் பெரம்பூர் ரயில் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, மாதவரம் ஏரிக்கரையில் குடியேறியவர். அவர் பட்டறையில் இரும்பு தட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் இவள் கோரைப் புல்லுக்குள் தூண்டிலோடு உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் எங்களிடம் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. ஐப்பசி மழையில் ஏரி நிறைந்ததும் விரால் கரையோரக் கோரைக்குள் முட்டை விடும். குஞ்சு பொரித்த பிறகு தாயும் தகப்பனும் அடியிலேயே நின்று காவல் காக்கும். மற்ற நாளெல்லாம் எங்கே கிடக்கிறதென்று தெரியாத மீன், அந்தச் சில நாட்கள் மட்டும் குஞ்சை விட்டு நகராது. அந்த நாட்களில் தன்னைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும், வருஷா வருஷம். அவ்வளவுதான்.

முதல் வருஷம் நைனா முடியாது என்றார். தண்டபாணி மருமகள் குட்டையில் மீன் பிடிக்கிறாள் என்று தெரிந்தால் கரையில் எவன் தன்னை மதிப்பான் என்று கேட்டார். இரண்டாம் வருஷமும் அதே கேள்வி. அந்த ஐப்பசி முழுக்க அண்ணி சிரிக்கவில்லை. சமைத்தாள், பேசினாள், கருவாடு காய வைத்தாள். சிரிப்பு மட்டும் இல்லை. வீடு எழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. நான் அவளுக்கு முன்னால் நைனா மாதிரி இருமினேன், அண்ணன் மாதிரி கூரையைப் பார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

மூன்றாம் வருஷம் புயல் வந்தது. கட்டுமரங்களைத் தெரு வரைக்கும் இழுத்துப் போட்டுவிட்டு ஆண்கள் எல்லோரும் வீட்டுக்குள் முடங்கினோம். மழை விட்டும் கடல் அடங்கவில்லை. மீன் இல்லாமல் நைனா தினமும் கத்தரிக்காய் சாப்பிட்டார். அந்தக் கத்தரிக்காய் அவர் மனசை எங்கேயோ இளக்கியிருக்க வேண்டும். அண்ணி மறுபடி கேட்டபோது அவர் முடியாது என்று சொல்லவில்லை.

"நானும் கூட வர்றேன். என் கண்ணு முன்னால ஒரே ஒரு விரால் புடி. புட்சிட்டா வருஷா வருஷம் போய்க்கோ. உச்சிக்குள்ள புடிக்கலன்னு வை, ஏரின்ற பேச்சே இந்த வூட்ல வரக்கூடாது."

அண்ணி தன் புருஷனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

"சரி மாமா" என்றாள்.

மறுநாள் விடிந்ததும் நைனா, அண்ணி, நான் மூவரும் ஜட்கா பிடித்தோம். நைனா வீச்சு வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்; இறாலுக்கு வீசுகிற சின்னக் கண்ணி வலை. அது எதற்கு என்று கேட்டதற்கு, வலை இல்லாமல் தண்ணீர்ப் பக்கம் போனால் இடுப்பில் துணி இல்லாமல் போகிற மாதிரி இருக்கும் என்றார்.

ஏரி கரை தளும்ப நின்றது. நைனா வெகுநேரம் அலையைத் தேடினார். கிடைக்கவில்லை. இது தூங்குகிறதா செத்துப்போய்விட்டதா என்று என்னிடம் விசாரித்தார். அண்ணி அதற்குள் தாய்வீட்டு மூங்கில் கழியை எடுத்து வந்து, தூண்டில் முள்ளில் குட்டித் தவளை ஒன்றைக் கோத்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கோரைக்குள் இறங்கிவிட்டாள். எங்களைக் கரையில் குந்தச் சொல்லிச் சட்டமும் போட்டாள். குஞ்சுகள் மூச்சு வாங்க மேலே வருகிற இடத்தில் தூறல் போட்ட மாதிரி தண்ணீர் பொரியும். பெற்றவை அதற்கு அடியில் இருக்கும். சத்தம் கேட்டால் எல்லாம் அமுங்கிவிடும். ஆகவே யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

இங்கேதான் சிக்கல். நைனாவின் தொண்டை அலைக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை. அவருக்கு ரகசியம் பேசத் தெரியாது. "எங்கமே கீது?" என்று அவர் ரகசியமாகக் கேட்டபோது மறுகரையில் எருமைகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. "இன்னும் வர்லியா?" என்றபோது கொக்குகள் கிளம்பிப் போயின. கோரை ஓரத்தில் பொரியத் தொடங்கியிருந்த தண்ணீர் சட்டென்று அமுங்கியது. அண்ணி வேறு இடம் போனாள். நைனாவின் ரகசியமும் பின்னாலேயே போனது.

வெயில் தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. கடைசியில் அண்ணி, தூரத்தில் ஒரு பனைமரத்தைக் காட்டி, நிழலாக இருக்கிறது, அங்கே போய் உட்காருங்கள் என்று மாமனாரை மரியாதையாக நாடு கடத்தினாள். அவர் போன பிறகு ஏரி அமைதியானது. ஆனால் குஞ்சும் இல்லை, விராலும் இல்லை. அண்ணி உதட்டைக் கடித்துக்கொண்டு சூரியனைப் பார்த்தாள். அவள் முகத்தில் போன வருஷத்து ஐப்பசி மறுபடி ஏறுவதைப் பார்த்தேன்.

அப்போது பனைமரத்துப் பக்கமிருந்து நைனாவின் குரல் வந்தது. இந்த முறை ரகசியம் இல்லை.

நடந்தது இதுதான். மரத்தடியில் உட்கார்ந்திருந்தவர் கண்ணில், கரையோரத் தண்ணீரில் செங்கல் பொடி தூவின மாதிரி ஒரு சிவப்புத் திட்டு பட்டிருக்கிறது. கடலில் தண்ணீர் நிறம் மாறினால் மீன் கூட்டம். கூட்டம் என்றால் வலை. வாழ்நாள் முழுக்க அப்படியே செய்த கை. யோசிக்காமல் முழங்கால் ஆழத்தில் இறங்கி வலையை வீசிவிட்டார். வீச்சு என்னவோ அழகான வீச்சு, வட்டம் பிசகாமல் விழுந்திருக்கிறது. உள்ளே அகப்பட்டது அரை விரல் நீளத்தில் சிவப்புச் சிவப்பாகக் குஞ்சுகள்.

நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நைனா ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாமோ அடிக்குதுமே. பாம்பு போலகீது."

"பாம்பு இல்ல மாமா, தகப்பன்காரன். நீங்க அவன் புள்ளைங்கள புட்சி வச்சிகினு கீறீங்க. அசையாதீங்க. வலைய தண்ணியவுட்டுத் தூக்காதீங்க."

குஞ்சு எங்கேயோ விரால் அங்கே. அந்த நேரத்தில் மாதவரம் ஏரி முழுவதிலும் விரால் நிச்சயமாக இருக்கிற ஒரே இடம் நைனாவின் முழங்கால்.

அண்ணி கழியை நீட்டினாள். தவளை அவர் காலுக்கு ஒரு சாண் தள்ளித் தண்ணீரைத் தொட்டது, எழுந்தது, தொட்டது. நைனா பேசக் கூடாது. விரால் முட்டும்போதெல்லாம் அவருடைய கண் பெரிதாகும், கன்னம் உப்பும், கழுத்து நரம்பு புடைக்கும். ராயபுரத்திலேயே பெரிய குரல் பல்லுக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நின்றது. அந்த முகத்தை இன்றும் நான் செய்து காட்டினால் அம்மா சோற்றைத் துப்பிவிடுவாள்.

தண்ணீர் வெடித்தது. கழி வில்லாக வளைந்தது. அண்ணி இழுத்த இழுப்பில் முழங்கை நீளத்துக் கறுப்பு விரால் நைனாவின் தோளை உரசிக்கொண்டு பறந்து கரைச் சேற்றில் விழுந்தது. அவள் கழியைப் போட்டுவிட்டு அதன் மேலேயே குப்புற விழுந்தாள். அடைத்து வைத்திருந்த சத்தத்தை நைனா அப்போதுதான் விட்டார். அண்ணியின் சிரிப்பும் கூடவே கொட்டியது. இரண்டு வருஷத்துச் சோழி.

"இன்னோண்ணும் கீதுமே. அதையும் போடு" என்றார் நைனா மூச்சு வாங்க.

"அது இருக்கணும் மாமா. ஜோடியில ஒண்ணத்தான் எடுக்கணும். ரெண்டையும் எடுத்துட்டா இதுங்கள யாரு பாத்துப்பா?"

நைனா தண்ணீருக்குள்ளேயே மண்டியிட்டு வலையைப் புரட்டி விட்டார். கண்ணியில் சிக்கிய குஞ்சுகளை ஒவ்வொன்றாக விரலால் தள்ளினார். ஒவ்வொன்றையும் திட்டித்தான் அனுப்பினார், அது வேறு.

வீட்டில் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, சேற்று வாசனை அடிக்கிறது என்று சொன்னார். நான்காம் தரம் ஊற்றச் சொன்னார். கரையில் அவர் சொன்ன கதையில் விராலுக்குச் சுறாவின் பல் முளைத்தது. அண்ணி மறுத்துப் பேசவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

அப்படித்தான் அடுத்த ஐப்பசி வரை நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் புயல் இல்லை. கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது, எல்லாக் கட்டுமரமும் கடலுக்குள் போய்விட்டன. அண்ணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஜட்காவில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மடியில் மூங்கில் கழி.

"பூவு, நேரமாவுதுமே" என்று நைனா ரகசியமாகச் சொன்னார். நாலு வீட்டுக் கதவு திறந்தது.

அண்ணி உள்ளே திரும்பிப் போய், கை நிறைய வெற்றிலை எடுத்துவந்து, ஏரிக்கரையில் மாமனார் வாயைத் திறக்காமல் மென்றுகொண்டே இருக்கிற அளவுக்கு மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.