மல்லாக்கக் கிடந்த ஆமை

பதினெட்டு வருடம் தையல் தொழிற்சாலையில் அயர்ன் பெட்டியோடு மல்லுக்கட்டிய யோசெப், தொழிற்சாலையை முதலாளி இழுத்து மூடிய பிறகு ஒரு குளிர்காலம் முழுவதும் பியர்பொன்ட்ஸ் புறநகர் வீட்டில் குந்தியிருந்து மனைவி அல்போன்சம்மாவின் உயிரை எடுத்தார். கறியில் புளி கூடிப்போச்சென்பார், சோபாவை இடம் மாற்றுவார், பிறகு பழைய இடத்திலேயே போடுவார். ஆகவே 2006 ஏப்ரலில், வீட்டுக்குக் கிட்ட இருந்த சின்ன இயற்கைக் காப்பிடத்தில் அவருக்கு வேலை கிடைத்தபோது நிம்மதியாக மூச்சுவிட்டது அல்போன்சம்மாதான்.

பாதை கூட்டுவது, விழுந்த கிளைகளை இழுத்துப் போடுவது, சதுப்பின் மேலான பலகை நடைபாதைக்கு ஆணி அடிப்பது, இவைதான் வேலை. ஜூன் முடியும்வரைக்கும்தான். அதற்குப் பிறகு பனி விழும்வரை வைத்துக்கொள்வதா இல்லையா என்பது பொறுப்பாளர் கத்தரினின் கையில் இருந்தது. யோசெப்புக்கு அந்த வேலை வேண்டும், மிகவும் வேண்டும். வெயில் எந்தப் பக்கத்தால் சாய்கிறதென்றே பார்க்காமல் நாற்பதைத் தாண்டிய மனிதருக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்!

பனி உருகிய தண்ணீரில் நகமளவு தவளைகள் கத்திய கத்தலில், முதல் நாள் ஏதோ மோட்டார் பழுதென்று நினைத்து அவர் சாமான் வைக்கும் கொட்டிலைச் சுற்றித் தேடினார். மே மாதம் மரங்களுக்கடியில் மூன்றிதழ் வெள்ளைப் பூக்கள் விரித்த பாயாகக் கிடந்தன. வாத்துகள் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு திரிந்தன. தோளில் சிவப்புப் பட்டி உள்ள கறுப்புக் குருவியொன்று நாணலுக்குள் கூடு கட்டிவிட்டு, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவருடைய தொப்பியில் கொத்தியது. தன்னை மட்டும்தான் கொத்துகிறதென்று வீட்டில் வந்து பெருமையடித்தார்.

கத்தரினுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: எந்த உயிரையும் தொடாதே, என்னைக் கூப்பிடு. சூப்புக்கென்று ஆமை தூக்கிப் போகிறவர்களால் அந்தப் பெண் நொந்துபோயிருந்தார்.

ஜூன் மாதம் ஒரு காலை, தாம்பாளம் அளவு ஆமையொன்று காப்பிடத்து வாசலைத் தாண்டிப் பெருந்தெருவை நோக்கி நடந்தது. அங்கே கார்கள் பறந்துகொண்டிருந்தன. கத்தரினைக் கூப்பிடலாம்தான், ஆனால் போன் கொட்டிலில் இருந்தது. போய் வருவதற்குள் ஆமை சட்டினியாகிவிடும். யோசெப்பின் கை தானாகவே, பிறந்த ஊரான மன்னாரில் பழகிய கைவேலையைச் செய்தது. முதுகோட்டின் பின்பக்கத்தைப் பிடித்து ஒரே புரட்டு. மன்னார்க் கரையில் மல்லாத்திய கடலாமை மாலைவரை அப்படியே கிடக்கும். இதுவும் கிடக்கட்டும் என்று போனை எடுக்க ஓடினார்.

போனோடு திரும்பி வந்தபோது, அவர் கூப்பிடுமுன்பே கத்தரின் ஆமைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகம் சிவந்திருந்தது. அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுப் பையோடு அல்போன்சம்மாவும் வந்து சேர்ந்தார்.

"ஐயோ, என்ன பெரிய ஆமை! எங்கட சட்டி காணாதேயப்பா!"

கத்தரினுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அல்போன்சம்மா இரண்டு கையாலும் காற்றில் சட்டி பிடித்துக் காட்டியது எந்த மொழிக்காரருக்கும் விளங்கும்.

"யார் இதைச் செய்தது?" என்று கத்தரின் பிரெஞ்சில் கேட்டார்.

"நான்தான்," என்றார் யோசெப், தையல்கூடத்துப் பிரெஞ்சில்.

அதற்குள் ஆமை கழுத்தை நீட்டியது. அப்படியொரு நீளக் கழுத்தை யோசெப் கண்டதில்லை. தலையை மண்ணில் ஊன்றி ஒரு உந்து உந்தியது, நிமிர்ந்துவிட்டது! யோசெப்பின் சப்பாத்து முனையை ஒரு கடி கடித்துவிட்டுப் பழையபடி தெருவுக்கே நடந்தது.

"முட்டையிடப் போகிறாள், மறிக்காதே. காரை மறி!" என்று கத்தரின் தெருவுக்குள் பாய்ந்தார். யோசெப் மற்றப் பக்கக் கார்களுக்கு முன்னால் கையை விரித்து நின்றார். கார்கள் கத்தின, ஆமை அசையவில்லை, பிறகு தன் பாட்டில் நடந்தது. எதிர்ப்புற மணல்மேட்டில் ஏறிக் குழி தோண்டத் தொடங்கியது.

"ஏன் மல்லாத்தினாய்?" என்றார் கத்தரின்.

"ஓடாமல் இருக்க. எங்கள் ஊரில் அப்படித்தான்."

"ஓடாமல் வைத்து என்ன செய்வீர்கள்?"

காப்பாற்றுவோம் என்று சொல்லியிருக்கலாம். யார் கண்டார்கள்? யோசெப் தலையைக் குனிந்தார். "கறி வைப்போம். நானும் சாப்பிட்டிருக்கிறேன். இதை நான் அதற்காகப் பிடிக்கவில்லை." வேலை போய்விட்டதென்றே நினைத்தார்.

கத்தரின் அவர் பக்கம் திரும்பினார். "பையில் ஆமையோடு பிடிபட்ட எல்லாரும் காப்பாற்றத்தான் கொண்டுபோகிறோம் என்றார்கள். கறியென்று ஒருவனும் சொன்னதில்லை." பிறகு மணல்மேட்டைக் காட்டினார். "செப்டம்பரில் குஞ்சு பொரிக்கும். சதுப்புக்குப் போக இந்தத் தெருவைத்தான் கடக்க வேண்டும். கார் மறிக்க எனக்கு ஆள் தேவை. நீ இருக்கிறாய்தானே?"

யோசெப் இரண்டு தரம் தலையை ஆட்டினார்.

"என்னவாமப்பா? ஏன் அழுறீங்கள்?" என்றார் அல்போன்சம்மா.

"செப்டம்பருக்கும் வரட்டாம்," என்று கண்ணைத் துடைத்தார் யோசெப். "நீ வரேக்க சட்டியைப் பற்றி மட்டும் கதைச்சிடாத."