மாதாவின் சீலை நிறத்தில் ஒரு களப்பு

முதல் அறிகுறி என் கண்ணில் தெரியவில்லை. நான் பலகையில் செய்த தண்ணீரில் தெரிந்தது.

போரால் யாழ்ப்பாணத்துக்கான ரயில் நின்றுபோகும்வரை நான் சிக்னல் பகுதியில் வேலை செய்தவன். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்பில் ஒரு கொட்டிலில் இருந்தபோது, ஆனையிறவில் ரயில் களப்பைக் (கடலோர உப்பேரியை) கடக்கும் இடத்தை ஒரு பலகையில் சிறிதாகச் செய்யத் தொடங்கினேன். குடைக்கம்பியில் தண்டவாளம், பால்மா ரின் தகரத்தில் பெட்டிகள். அவையெல்லாம் சுலபமாக வந்தன. தண்ணீர்தான் வரவில்லை.

மாதிரித் தண்ணீரின் ஆழத்தை அடியிலேயே தீட்டிவிட வேண்டும். கரையோரம் சேற்று நிறம், நடுவில் கருமை கலந்த சாம்பல். அதன்மேல் வார்னிஷை மெல்லிய படைகளாகப் பூச வேண்டும். ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. அவசரப்பட்டால் உள்ளே மூட்டம் போட்டுவிடும். நான் அவசரப்படவில்லை. இருந்தும் ஒவ்வொரு படையும் முந்தியதைவிட மஞ்சளாகத் தெரிந்தது.

வார்னிஷ் விற்ற கடைக்காரர் அருளப்புவைச் சந்தேகித்தேன். பொருளாதாரத் தடைக் காலம் அது. எதற்குள் எதைக் கலந்து விற்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஜாம்போத்தல் விளக்கின் புகையையும் சந்தேகித்தேன். மஞ்சளை அடக்க நீல வர்ணம் சேர்த்தேன். அடங்கவில்லை. இன்னும் சேர்த்தேன்.

ஒருநாள் அருளப்புவையே கூட்டிவந்து பலகையைக் காட்டினேன். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித்த குடும்பம். குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"அண்ணை, கோவிக்காதேங்கோ. இது மாதாவின்ர சீலை நிறம். இந்த நிறத்தில நான் களப்புத் தண்ணி கண்டதில்லை."

என் மனைவி பூரணம் குசினிக்குள் இருந்து சொன்னாள்: "ஓம், எனக்கும் நீலமாத்தான் கிடக்கு."

அவர் கலப்படத்தை மறைக்கிறார். இவளுக்கு வார்னிஷ் மணம் பிடிக்காது. இருவரும் பேசிவைத்துக்கொண்டுதான் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

ரயில்வேயில் எங்கள் கண்ணை நிற நூல்களால் சோதிப்பார்கள். ஒருமுறைகூட நான் பிழை விட்டதில்லை. அந்தத் திமிரில் பூரணத்தின் தையல் நூல்களைப் பாயில் கொட்டி, நிறம் நிறமாகப் பிரித்து வைத்தேன். அவள் குந்தியிருந்து, நான் கறுப்பென்று குவித்ததிலிருந்து சிலவற்றை எடுத்து வேறாக வைத்தாள்.

"இது கடும் நீலம். இது ஊதா."

விளையாடுகிறாள் என்று நினைத்து நூல்களை வெயிலுக்குக் கொண்டுபோனேன். வெயிலிலும் கறுப்பாகத்தான் இருந்தன. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. குருடாகப் போகிறேன் என்ற பயம்.

ஆஸ்பத்திரிக்குக் கண் பார்க்க வந்திருந்த இளம் பெண் வைத்தியர் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கண்புரை (கண்ணின் வில்லை மெல்ல மங்கிப் பழுப்பாகும் நோய்) என்றார்.

"எனக்கு இன்னும் அறுபதாகேல்லை, டொக்டர்."

"அது பென்சன் வயசு பாத்து வாறேல்லை, ஐயா."

பாஸ் (எல்லை கடக்கும் அனுமதி) எடுத்து வவுனியாவுக்குப் போனோம். சத்திர சிகிச்சைக்குக் காசு வேண்டாம் என்றார்கள். அதையும் சந்தேகித்தேன். எந்தக் கண், எந்தக் கண் என்று வந்தவர் போனவரிடமெல்லாம் கேட்டேன். விறைப்பூசி (வலி தெரியாமல் மரக்கச் செய்யும் மருந்து) போட்டு, வலக்கண்ணின் வில்லையை எடுத்து, உள்வில்லை (பழையதன் இடத்தில் வைக்கும் செயற்கை வில்லை) வைத்தார்கள்.

கட்டை அவிழ்த்ததும் கண்டது ஒரு தாதியின் சட்டையை. அவ்வளவு வெள்ளை. நீலம் போட்டுத் தோய்த்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து பலகையின் துணியை நீக்கினேன். மாதாவின் சீலையேதான். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சுரண்டி எடுக்கவே கிழமைகள் போயின. திரும்ப வார்னிஷ் வாங்கப் போனபோது அருளப்பு கேட்டார்: "இப்ப நல்ல சாமானோ, அண்ணை?" "ஓம்" என்றேன்.

இதே நோயோடு இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். புரை இருட்டாக வருவதில்லை. உலகம் பழசாகிவிட்டது என்று நம்பவைத்துக்கொண்டு வரும். வீட்டில் ஒருவரிடம் நிறம் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதை நம்பப் பாருங்கள். கடினம்தான்.

இடக்கண் இன்னும் செய்யவில்லை. வலக்கண்ணை மூடினால் பின்நேரம், இடக்கண்ணை மூடினால் காலை. ஒரே முகத்தில் இரண்டு பொழுதுகளோடு நடமாடுகிறேன்.

நாங்கள் கிளிநொச்சியை விட்டு நடந்த நாள் எனக்கு மஞ்சள் வெயிலாகவே நினைவில் இருக்கிறது. றோட்டு, சனம், பூரணத்தின் தலையிலிருந்த மூட்டை, எல்லாவற்றிலும் அந்த வெயில். போன கிழமை அதைப் பற்றி அவளிடம் சொன்னேன்.

அரிசி களைந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "அண்டைக்கு எங்கயப்பா வெயில்? விடியத் தொடக்கம் வானம் மப்பெல்லோ."