மஞ்சள் துணி முடிச்சு

என் கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி. அதற்குள் கட்டைவிரல் தடிமனில் ஒரு கயிறு சுருண்டு கிடக்கிறது. அதன் ஒரு முனையிலிருந்து பத்தடி தூரத்தில் மஞ்சள் துணி முடிச்சு, இருபதடியில் சிவப்பு, முப்பதில் பச்சை. என் அக்கா தன் பழைய சேலைகளைக் கிழித்து ஈரத்தில் அவிழாதபடி இறுக்கிக் கட்டியது. அந்தக் காலத்தில் நூற்றைம்பது அடிக்கும் முடிச்சு இருந்தது. மிச்சத்தையெல்லாம் யார் யாரோ கொடி கட்டவும் மூட்டை கட்டவும் வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இந்த முப்பத்தைந்து அடியை மட்டும் நான் விடவில்லை. மஞ்சள் வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. அது மஞ்சள் என்று அறிந்தவர்கள் இப்போது இரண்டே பேர்தான்.

அடி எண்ணத் தொடங்கும் அந்த முனையில் இருந்தவர் என் அத்தான், அக்காவின் வீட்டுக்காரர். தூத்துக்குடிக் கடலில் சங்கு குளித்த மனிதர். பம்பாய்க்கு வந்து ஒரு காண்டிராக்டரிடம் டைவராகச் சேர்ந்தார். செம்பு ஹெல்மெட், ரப்பர் துணி உடை, ஈயம் வைத்த பூட்ஸ், மேலே இரண்டு பேர் சக்கரம் சுற்றிக் காற்று அனுப்பும் பம்பு. துறைமுகத்தில் மூழ்கிய படகைத் தூக்குவது, சங்கிலி தேடுவது என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். எங்கள் ஊர்ப்பக்கம் குளிக்கிறவனுடைய கயிற்றைப் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன்தான் பிடிப்பான். கூடப்பிறந்தவள் தாலி அறுக்கும்படி எவனும் கை அசரமாட்டான் என்ற கணக்கு. அதற்காகவே அத்தான் என்னை ஊரிலிருந்து வரவழைத்தார். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தாராவியில் ஒரே அறையில் அவர்களோடுதான் இருந்தேன்.

நான் பிறவியிலேயே பயந்தவன். இதை எழுத உட்காரும் முன்பு கேஸ் அடுப்பை மூடினேனா என்று இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். கயிறு பிடிக்கிற வேலைக்கு அது நல்லதுதான் என்பார் அத்தான். ஆனால் ஒரு நாள் துறைமுகத்தில் கயிறு ஏதோ சங்கிலியில் மாட்டி வெட்டி வெட்டி இழுத்ததை, அவர் 'தூக்கு' என்று சைகை செய்வதாக எடுத்துக்கொண்டு பதறி மேலே இழுத்துவிட்டேன். பாதி வேலை கெட்டது. மராட்டிக்கார மேஸ்திரி எல்லாருக்கும் முன்னால் என்னை 'டர்போக்' என்றான். பயந்தாங்கொள்ளி என்று அர்த்தம். அதுவே என் பெயராகிவிட்டது. பம்பு சுற்றுகிறவர்கள்கூட, "டர்போக், சாய் குடிக்கலாமா, பயமா இருக்கா?" என்பார்கள். இன்னொரு தடவை இப்படிச் செய்தால் வேறு ஆளைப் போடுவேன் என்றான் மேஸ்திரி. அத்தான்தான் அவனிடம் கெஞ்சி என்னை நிறுத்திக்கொண்டார். அன்றைக்கே முடிவு செய்தேன், இனிமேல் பயத்தை வெளியில் காட்டக் கூடாது என்று. என் வாழ்நாளில் நான் செய்த மோசமான முடிவு அது.

அறுபதுகளின் நடுவில் ஒரு மார்கழி. மலைக்கு மேலே ஓர் அணையின் மதகில் பெரிய மரம் ஒன்று சிக்கிவிட்டது. நூறடிக்கு மேல் ஆழம். லாரியில் பம்பை ஏற்றிக்கொண்டு போனோம். பம்பாய்க் கடல் எந்த மாதமும் அப்படிக் குளிராது. அந்த ஏரித் தண்ணீரில் கையை விட்டால் எலும்பு வரைக்கும் குத்தியது. அத்தான் இரண்டு ஸ்வெட்டர் போட்டு, அதற்கு மேல் ரப்பர் உடையை மாட்டினார். வலது மணிக்கட்டில் ரப்பர் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. அந்த ஒட்டின் மேல் எனக்குச் சந்தேகம். மூன்று தடவை விரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். "அத நோண்டி நோண்டியே ஓட்டையாக்கிருவ போலிருக்கே மாப்ள," என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் நண்பகலில் மரம் அறுபட்டு விடுபட்டது. இனி அவரை மேலே கொண்டுவர வேண்டும். ஆழத்திலிருந்து ஒரேயடியாகத் தூக்கக் கூடாது. பம்புப் பெட்டி மூடியின் உட்புறம் இங்கிலீஷில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கும். எழுத்து எனக்குத் தெரியாது, எண் தெரியும். அன்றைய ஆழத்துக்கும் நேரத்துக்கும், சிவப்பு முடிச்சு என் கைக்கு வரும்போது கொஞ்ச நேரம் நிறுத்த வேண்டும். மஞ்சள் முடிச்சு வரும்போது, அதாவது அவர் தண்ணீருக்குள் பத்தடியில் இருக்கும்போது, இருபது நிமிடம் நிறுத்த வேண்டும். எதற்கு என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. டைம்பீஸை மடியில் வைத்துக்கொண்டு மஞ்சள் முடிச்சைப் பிடித்தேன்.

இரண்டு நிமிடத்தில் கயிறு நடுங்க ஆரம்பித்தது. ஒட்டு விட்டிருந்தது. உடைக்குள் தண்ணீர் போய், ஸ்வெட்டர் நனைந்து, அந்தக் குளிரில் அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தார். கயிற்றை நாலு தடவை இழுத்தால் 'தூக்கு' என்று அர்த்தம். நாலு தடவை இழுத்தார். 'இரு' என்று ஒரு தடவை இழுத்துப் பதில் கொடுத்தேன். மறுபடியும் நாலு. நடுக்கம் கயிறு வழியாக ஏறி என் உள்ளங்கையில், முழங்கையில், பல்லில் தெரிந்தது. காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டிருப்பது மாதிரி இருந்தது. வேற்றாள் ஒருவன் பிடித்திருந்தால் பீடி குடித்துக்கொண்டு இருபது நிமிடமும் நிறுத்தியிருப்பான். நான் மச்சான். டைம்பீஸைப் பார்த்தேன், எட்டு நிமிடம் ஆகியிருந்தது. தூக்கிவிட்டேன். பன்னிரண்டு நிமிடம் மிச்சம்.

ஹெல்மெட்டைக் கழற்றியதும் நீலம் பாய்ந்த உதட்டோடு சிரித்தார். "நல்லவேளை தூக்குன மாப்ள, வெறச்சிருப்பேன்," என்றார். டீ கொடுத்தோம். சாமான்களைக் கட்டும்போதே வயிற்றைச் சொறிய ஆரம்பித்தார். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். வயிற்றிலும் விலாவிலும் நீலமும் சிவப்புமாக, ஈர வலையைத் தோலில் வைத்து அழுத்தி எடுத்தது மாதிரி தடம். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, "குச் நஹி, தண்டி ஹை," என்றான். ஒன்றுமில்லை, குளிர்தான் என்று. பிறகு என் முகத்தைப் பார்த்து, "டர்போக்," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார்.

மூன்று மணிக்கு லாரி கிளம்பியது. கணவாய் ஏறி இறங்கித்தான் பம்பாய்க்கு வர வேண்டும். லாரி மேலே ஏற ஏற அவருக்கு இடது தோளில் வலி வந்தது. தொட்டால் வலிக்கவில்லை, எலும்புக்கு உள்ளே வலித்தது. கையைப் பிள்ளை மாதிரி மடியில் ஏந்திக்கொண்டு, எப்படி வைத்தாலும் பொருந்தாமல் நெளிந்தார். நடுவில் தூங்கிப்போனார். பகலில் கண்ணை மூடாத மனிதர், தலை லாரிப் பலகையில் மோதுவதுகூடத் தெரியாமல் தூங்கினார். இறங்கி ஏதாவது டாக்டரைப் பார்ப்போம் என்று எழுப்பினேன். "ஏலே, வாயத் தொறக்காத. தோள் போச்சுன்னு தெரிஞ்சா அடுத்த வேலைக்கு ஒன்னையும் என்னையும் சேத்துக் கழிச்சிருவான்," என்றார் மெதுவாக. நான் வாயைத் திறக்கவில்லை. எப்போதும் எதற்காவது பதறுகிறவன், பதற வேண்டிய அந்த ஒரு சாயங்காலம் முழுவதும் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன்.

அவரைப் பார்த்ததும் அக்கா பெரிய தவலையில் வெந்நீர் போட்டாள். "ஒடம்பெல்லாம் குளுந்து போயில்லா இருக்கு, ஊத்துங்க நல்லா." கொதிக்கக் கொதிக்க ஊற்றிக்கொண்டார். பிறகு கற்பூரம் போட்டுக் காய்ச்சிய தேங்காயெண்ணெயை நான்தான் தேய்த்தேன். தோளை, முதுகை, இடுப்பை, என் பலம் முழுவதையும் காட்டி அமுக்கித் தேய்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, "சொகமா இருக்குலே," என்றார். அந்தச் சூடும் அமுக்கலும்தான் செய்யவே கூடாதவை என்று பிற்பாடு அறிந்தேன். கொஞ்ச நேரத்தில் பாதத்தில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஒன்றுக்குப் போகிறேன் என்று எழுந்து, குடித்தவர் மாதிரி சுவரைப் பிடித்துக்கொண்டு போனார். கால்மணி நேரம் நின்றும் போகவில்லை. குளிரில் அப்படித்தான் என்று அவரே சொல்லிவிட்டுப் படுத்தார்.

விடிந்ததும் அக்காவைக் கூப்பிட்டார். "என் காலு மேல யாரு உக்காந்திருக்கா? எந்திரிக்கச் சொல்லு." காலின் மேல் போர்வை மட்டும்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மாட்டுங்காப் பக்கத்து டாக்டர் ஒருவர், நம் தமிழ் பேசுகிறவர், எங்களை உட்காரவைத்துச் சொன்னார். ஆழத்தில் அழுத்தத்தோடு சுவாசிக்கிற காற்று ரத்தத்தில் கரைந்து நிற்கும். நிறுத்தி நிறுத்தி மேலே வந்தால் மெல்ல வெளியேறிவிடும். சட்டென்று வந்தால் சோடாவை உடைத்த மாதிரி உடம்புக்குள்ளேயே குமிழ் விடும். அரிப்பு, தோல் தடம், மூட்டு வலி, அசதி எல்லாம் அதன் அடையாளம். குமிழ் முதுகுத்தண்டில் தங்கினால் கால் போய்விடும். "காத்தை அழுத்தி அடைக்கற இரும்பு ரூம் இருக்குப்பா. அரிக்கறதுன்னு சொன்னபோதே கொண்டு வந்திருந்தா உள்ளே வச்சுச் சரிபண்ணியிருக்கலாமே. இப்பவும் வச்சுப் பார்ப்போம், ஆனா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லே." பிறகு கேட்டார், "பத்தடியில எத்தனை நேரம் நிறுத்தினேள்?"

கட்டிலிலிருந்து அத்தான் சொன்னார். "இருவது நிமிசமும் நிறுத்துனான் சார். மாப்ள வாட்ச்ச விட்டுக் கண்ண எடுக்க மாட்டான்." அக்கா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் டாக்டரிடம் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இரும்பு அறையில் இரண்டு தடவை வைத்தார்கள். இடது கால் பெருவிரலில் கொஞ்சம் உணர்ச்சி வந்தது. அவ்வளவுதான். நான்கு வருடம் தாராவியில் அந்த ஒரே அறையில் படுத்துக் கிடந்தார். முதுகில் புண், சிறுநீருக்குக் குழாய், மாதம் ஒரு காய்ச்சல். அக்கா தோல்பைக் கடையில் உள்துணி வெட்டப் போனாள். நான் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். தினமும் அவரைக் கழுவித் துடைத்துவிட்டுப் போவேன். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. கடைசியில் சிறுநீரகம் கெட்டுப் போய்ச் சேர்ந்தார்.

இப்போது நான் செம்பூரில் மகனோடு இருக்கிறேன். அக்கா நெருளில் மகளோடு. அவர் திதி அன்று காலையில் அக்கா இங்கே வருவாள். ஒவ்வொரு திதிக்கும், அவள் வருவதற்கு முன்னால், நான் அந்தக் கயிற்றை எடுத்து முனையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு மஞ்சள் முடிச்சைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நிமிடம் நிற்பேன். பைத்தியக்காரத்தனம்தான். யாருக்கும் சொன்னதில்லை. போன திதிக்கு அவள் முந்தைய ரயிலில் வந்துவிட்டாள். மருமகள் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். திரும்பினால் அக்கா வாசற்படியில் நிற்கிறாள். கயிற்றைப் பார்த்தாள், மேசையில் இருந்த டைம்பீஸைப் பார்த்தாள்.

"எட்டுல தூக்குன. மிச்சம் பன்னெண்டு. அதையா புடிக்க?" என்றாள்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அன்னைக்கி வெந்நி ஊத்தும்போதே சொன்னாவ. நான் நடுங்குனத ஒந்தம்பிக்குப் பொறுக்கல, எட்டு நிமிசத்துல தூக்கிட்டாம்னு பெருமையாச் சொன்னாவ."

அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் அவர் சொன்னது பொய் என்று பக்கத்தில் நின்ற அவளுக்கு அப்போதே தெரியும். இத்தனை வருடமும் தெரிந்துகொண்டேதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். என் கல்யாணத்தை முன்னின்று நடத்தியிருக்கிறாள். மன்னித்துவிட்டாயா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவளே சொன்னாள்.

"நானா இருந்தா தூக்கியிருக்க மாட்டேன்லே. எவ்வளவு நடுங்குனாலும்."

குரலில் கோபம் இல்லை. வேறெதுவும் இல்லை. நான் கயிற்றை அவிழ்க்கப் போனேன். "விடாத. இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றாள்.

"நாலு நிமிசம்."

கட்டிலில் உட்கார்ந்து, டைம்பீஸை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "புடி. நான் சொல்லுதேன்," என்றாள்.