கேட்காத வட்டிலப்பம்

நாற்பது வயதுவரை என் தலைக்கு நானே எண்ணெய் வைத்ததில்லை. சொன்னால் சிரிப்பார்கள். கலியாணம் முடித்து, பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைக்கு மாப்பிள்ளை பார்க்கிற காலம் வந்த பிறகும், வியாழன் பின்னேரமானால் ராத்தாவின் முன்னால் போய்ச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிடுவேன். ராத்தா எனக்கு எட்டு வயது மூத்தவள், என் ஒரே கூடப்பிறந்தவள். அவள் கதிரையில் இருப்பாள், நான் சீமெந்துத் தரையில். வியாழன் எண்ணெய், வெள்ளி காலை முழுக்கு. புத்தளத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் அது சட்டம்.

மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து ஓலைக் கொட்டிலில் கிடந்த வருடம் எனக்கு ஒன்பது வயது. தலை நிறையப் பேன். பக்கத்துக் கொட்டில் பிள்ளைகளுக்கெல்லாம் மொட்டை அடித்துவிட்டார்கள். உம்மா காய்ச்சலில் படுத்திருந்தா. என்னையும் இழுத்துக்கொண்டு போக வந்தபோது பதினேழு வயது ராத்தா குறுக்கே நின்று, "எங்கட புள்ளட தலைய நாங்க பாத்துக்கொள்ளுவம்" என்றாள். எங்கிருந்தோ ஒரு பேன் சீப்பு வாங்கி வந்து ஒரு மாதம் உட்கார்ந்து வாரினாள். அன்றைக்கு அவள் கைக்குள் போன தலை, முப்பது வருடம் வெளியே வரவில்லை.

அவளுடைய எண்ணெயைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேங்காய் எண்ணெயில் வெந்தயம், கறிவேப்பிலை, செவ்வரத்தம்பூ, போதாததற்கு இடித்த சின்ன வெங்காயம். பள்ளிக்கூடத்தில் என் வாங்கில் ஒருத்தியும் உட்கார மாட்டாள். "கறிச்சட்டி வருது" என்பார்கள். அழுதுகொண்டு வந்து சொன்னால், ராத்தா அடுத்த வியாழன் இன்னும் இரண்டு வெங்காயம் கூடப் போடுவாள். இப்போது கைப்பேசியில் பெண்பிள்ளைகள் வெங்காயச் சாற்றைச் சின்னக் கண்ணாடிப் போத்தலில் விட்டு, ஏதோ நேற்றுத்தான் கண்டுபிடித்ததுபோலக் கதைக்கிறார்கள். அதை ராத்தாவுக்கு அனுப்பி இரண்டு பேருமாகச் சிரிக்க வேண்டும்போல இருக்கும். அனுப்ப முடியாமலே மூன்று வருடம் போனது.

காரணம் வட்டிலப்பம்.

தேங்காய்ப்பால், முட்டை, கித்துள் கருப்பட்டி, ஏலக்காய் எல்லாம் எல்லா வீட்டு வட்டிலப்பத்திலும் சேர்கிறவைதான். ராத்தா முட்டையை நுரைக்க அடிக்க மாட்டாள். கரண்டியால் மெல்லக் கலந்து மெல்லிய துணியில் இரண்டு தரம் வடிப்பாள். அவிக்கும்போது மூடிக்குத் துணி கட்டுவாள், ஆவி சொட்டி மேலே பள்ளம் விழக் கூடாதாம். நன்றாக ஆறிய பிறகுதான் பிரிட்ஜ். அன்றைக்கு அந்த பிரிட்ஜுக்குள் மீன் என்ற பேச்சே இருக்கக் கூடாது. கருவாட்டு வியாபாரியின் பெண்சாதி போடுகிற சட்டத்தைப் பாருங்கள். அவள் புருஷன், என் மச்சான், பாவம், தன் மீனைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டு பிரிட்ஜில் இடம் கேட்டு நிற்பார். மறுநாள் கரண்டியை வைத்தால் அது வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். வெயில் காலத்தில் அந்தக் குளிர்ந்த முதல் வாய் தொண்டைக்குள் இறங்கும்போது என் மகள் கண்ணை மூடிக்கொள்வாள்.

எங்கள் குடும்பத்துக் கலியாணங்களில் மாப்பிள்ளை வந்து உட்கார்ந்ததும் முதல் கரண்டி ராத்தாவின் வட்டிலப்பம்தான். ஆனால் அதை அவள் தானாகச் செய்துகொண்டு வர மாட்டாள். கலியாண வீட்டுக்காரி நேரில் போய், ஒரு பை சீனியை மடியில் வைத்து, "நீங்கதான் செஞ்சு தரணும்" என்று கேட்க வேண்டும். அவள்தான் செய்வாள் என்று ஊருக்கே தெரியும். இருந்தாலும் கேட்க வேண்டும். "எனக்கெங்க நேரம், வேற ஆரையும் பாருங்க" என்று பிகு பண்ணுவாள். மறுபடியும் கேட்க வேண்டும். மூன்றாம் தரம்தான் தலையாட்டுவாள். இந்த நாடகத்தைப் பார்த்து நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறோம்.

என் மகளின் கலியாணத்துக்கு நான் கேட்கவில்லை.

அதற்கு ஒரு வருடம் முன்புதான் ராத்தாவும் மச்சானும் கருவாட்டு வேலையாகக் கற்பிட்டிக்குக் குடிபோயிருந்தார்கள். இரண்டு மகன்மாரும் கத்தாரில். முதலில் மச்சானின் லொறியில் வியாழன் தவறாமல் வந்து என் தலையைப் பார்த்துவிட்டுப் போனாள். பிறகு வரத்துக் குறைந்தது, பிறகு நின்றது. கேட்டால், "முழங்கால் நோவுது புள்ள, லொறியில ஏறி எறங்க ஏலா" என்றாள். அந்த முழங்காலை நான் நம்பினேன். ஐம்பது வயது, இரத்தத்தில் சீனி வருத்தம் வேறு, இவளை அடுப்படியில் நிற்க வைத்து முந்நூறு பேருக்கு அவிக்கச் சொல்வது பாவம் என்று நினைத்தேன். மகளும் கைப்பேசியில் பார்த்து ஆசைப்பட்ட சின்னக் கப்புகளைக் காட்டினாள். அடியில் பிஸ்கட் புடிங், மேலே சொக்லட் மூஸ், ஒவ்வொன்றிலும் ஒரு குட்டிக் கரண்டி. டவுனில் ஓடர் கொடுத்தோம். ராத்தாவுக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

கலியாணத்தன்று ராத்தா வந்து மூலையில் ஒரு கதிரையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். கப் தட்டு அவளிடம் போனது. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "வடிவா இரிக்கி" என்று சொல்லி, தட்டிலேயே திரும்ப வைத்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாட்டுக்கு முன்னமே மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

பெருநாளைக்குப் பெருநாள் போனில் ஒரு கோல். ஸலாம், சுகமா, சுகம், வைக்கிறேன். யாரும் மௌத்தாகிய துக்க வீடுகளில் கண்டால் பெண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துவிடுவாள். எனக்கும் கோபம் வந்தது. யாருடைய முழங்காலை நினைத்து நான் அப்படிச் செய்தேன்? நானாகப் போக மாட்டேன் என்று இருந்தேன். உம்மா பெற்ற இரண்டும் ஒரே அச்சு.

ஆனால் வியாழன் வந்துவிடும். அசர் தொழுதுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் நடப்பேன். ஒருநாள் மகள் என்னை டவுன் பார்லருக்குக் கூட்டிப்போனாள். சாய்கிற கதிரை, வாசனைக் களிம்பு, தலைக்கு நீராவி. பிடித்துவிட்ட பிள்ளை நல்ல பிள்ளைதான், கையும் மென்மைதான். ராத்தாவின் கை மென்மையே இல்லை. விரல் நுனியால் மண்டையைத் தோண்டுவாள், சிக்கு வந்தால் இழுப்பாள், "ஆ" என்றால் சீப்பால் ஒரு தட்டு. அந்தத் தட்டு விழாதா என்று, அந்த வாசனைக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஏங்கினேன். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. பிள்ளை பயந்துபோய், தண்ணீர் சுட்டுவிட்டதா என்று கேட்டாள்.

இந்த வருடம் மகள் உண்டானாள். ஐந்தாம் மாதத்தில் ஒருநாள், "உம்மா, பெரியம்மாட வட்டிலப்பம் திங்கோணும் போல இரிக்கி" என்றாள். நான் செய்து தருகிறேன் என்று இறங்கினேன். முதல் தரம் தண்ணீராய் நின்றது. இரண்டாம் தரம் பஞ்சுபோல ஓட்டை விழுந்தது. ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம், நான் முட்டையைக் குறை சொன்னேன். மகள் ஒரு கரண்டி தின்றுவிட்டு, "நல்லாத்தான் இரிக்கி" என்று முகத்தைத் திருப்பினாள். அன்றைக்கே ஒரு பை சீனி வாங்கினேன். மகளின் ஆசை எனக்குக் கிடைத்த சாட்டு. போக வேண்டும் என்று தவித்தது நான்தான்.

அந்த வியாழன் காலையிலேயே கிளம்பினேன். தலவிலத் தேவாலயத் திருவிழாக் காலம், கற்பிட்டி பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. சீனியும் கருப்பட்டியும் முட்டையும் நெஞ்சோடு அணைத்தபடி பாலாவி உப்பளம் தாண்டி நின்றுகொண்டே போனேன். தலவிலச் சந்தியில் பாதி பஸ் இறங்கிய பிறகுதான் உட்கார இடம் கிடைத்தது. கேட்க வேண்டியதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். துரத்திவிட்டால் என்ன செய்வது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

மச்சான் முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். "உள்ளுக்கு இரிக்கா, போங்க" என்றார். ராத்தா கதிரையில் இருந்தாள். வீட்டுக்குள்ளும் தலையில் இறுக்கிக் கட்டிய முக்காடு. மெலிந்திருந்தாள். "வா" என்றாள்.

நான் சீனிப் பையை அவள் மடியில் வைத்தேன். "ராத்தா, மவளுக்கு அஞ்சு மாசம். ஒங்கட வட்டிலப்பம் கேக்குறா. நீங்கதான் செஞ்சு தரணும்."

"ஏலா."

அவள் எப்போதும் முதலில் மறுப்பவள்தானே என்று எனக்குச் சந்தோஷமே வந்தது. மறுபடி கேட்டேன். "ஏலா புள்ள." மூன்றாம் தரமும் கேட்டேன்.

"ஏலாண்டு சொன்னா வெளங்காதா ஒனக்கு?"

எனக்கு அடக்க முடியவில்லை. "ஒரு கப் புடிங்குக்கு மூணு வருசமா ராத்தா? நான் என்ன கொலையா செஞ்சேன்? ஒங்கட முழங்கால் நோவுதெண்டுதானே நான் கேக்கல்ல!" என்று கத்தினேன். முற்றத்தில் மச்சானின் கை நின்றது.

ராத்தா வலது கையைத் தூக்கினாள். நெஞ்சு உயரத்துக்கு வந்ததும் அது நின்றுவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு இடது கையைத் தூக்கினாள். அதுவும் அந்த மட்டில்தான்.

"இதுக்கு மேல போகா. தோள்மூட்டு இறுகிட்டாம். சீனிக்கு அப்பிடி வருமாம்."

"எப்பலேந்து?"

"ஒன்ட மவள்ட கலியாணத்துக்கு முந்தி."

"அப்ப முழங்கால்?"

"முழங்காலுக்கு என்ன? அது நல்லாத்தான் இரிக்கி."

எனக்கு எரிச்சலும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அப்ப நான் கேட்டிருந்தாலும் ஒங்களால செஞ்சிருக்க ஏலாதே. பொறகு என்னத்துக்குக் கோவம்?"

"கேட்டிருந்தா, ஏலாண்டு நான் சொல்லியிருப்பேன். அத நான்தான் சொல்லணும். நீ என்ட வாயால சொல்ல வுடல்லியே. இவளால இனி ஏலாண்டு நீயே முடிவெடுத்தமாதிரி ஆகிட்டு."

அந்த மூலைக் கதிரையும், கட்டிய கையும் ஞாபகம் வந்தது. நல்லது செய்ய நினைத்தவளுக்கு ஒரு தரம் கேட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

அன்றைக்கு வட்டிலப்பத்தை நான் செய்தேன். அவள் அடுப்படி வாசலில் கதிரையைப் போட்டு அதட்டினாள். "அடிக்காத, கலக்கு." "இன்னொருக்கா வடி." "இதென்ன துணி கட்டுற கட்டு, மையித்துக்குக் கட்டுறமாதிரி?" அவித்து ஆற வைத்தோம். மச்சான் யாரும் சொல்லாமலே பிரிட்ஜிலிருந்த மீனை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். ராத்தாவின் முக்காட்டைக் கழற்றச் சொன்னேன். மாட்டேன் என்றாள். நானே முக்காட்டு ஊசியைக் கழற்றினேன்.

முழங்கால்வரை தொங்கிய முடி அது. இப்போது பிடரியில் ஒரு உருண்டையாகச் சிக்கிக் கிடந்தது. அதைச் சுற்றி வலை நூல். மச்சான் கட்டிவிட்டிருக்கிறார். ஆம்பிளை, பாவம், அவருக்குத் தெரிந்த முடிச்சு அதுதான். நூலை வெட்டி எடுத்தபோது ராத்தா இரண்டு கையாலும் முகத்தை மூடப் பார்த்தாள். கை அவ்வளவு தூரம் போகவில்லை.

அலுமாரியில் எண்ணெய்ப் போத்தல் இருந்தது. வெங்காயம் கிடையாது, கடை எண்ணெய். நான் கதிரையில் இருந்தேன், அவள் என் காலடியில் தரையில் இருந்தாள். முடியின் நுனியிலிருந்து மெல்ல மெல்லச் சிக்கெடுத்தேன். வியாழனுக்கு வியாழன் தலையை நீட்டிக்கொண்டு இருந்தேனே தவிர, இவளுடைய தலைக்கு யார் எண்ணெய் வைக்கிறார்கள் என்று முப்பது வருடத்தில் ஒருநாளும் நான் கேட்டதில்லை. அவள் தலையில் என் கை படுவது அன்றைக்குத்தான் முதல் தரம். அந்த வெட்கத்தோடு சீப்பை எடுத்து வாரத் தொடங்கினேன்.

அசருக்குப் பாங்கு சொல்லி முடிந்தது. முகத்தைத் திருப்பாமலே, மெல்லிய குரலில் கேட்டாள்.

"வாற வியாழனும் வருவியா?"

சீப்பைக் கீழே போட்டுவிட்டு அவள் தலையை என் மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"எண்ணெ படும்டி, வுடு" என்றாள்.

நான் விடவில்லை.