எழுபது நொடி

பல் கட்டும் கூடத்தில் அவளுக்குப் பெயர் நிதானம். யார் வைத்தது என்று யாருக்கும் ஞாபகம் இல்லை, ஒட்டிக்கொண்டது. பிளாஸ்டர் அச்சின் மேல் மெழுகு வைத்து ஒரு கடைவாய்ப் பல்லைச் செதுக்க மற்றவர்களுக்கு இருபது நிமிடம் என்றால் அவளுக்கு ஐம்பது. முதலாளி பல்லைக் கடிப்பார். ஆனால் அவள் செய்த பல் ஒன்றுகூட, கடி சேரவில்லை என்று மருத்துவரிடமிருந்து திரும்பி வந்ததில்லை. அதனால் கடித்ததோடு நிறுத்திக்கொள்வார்.

வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் தள்ளிப்போய்த் தள்ளிப்போய், ஒரு கட்டத்தில் யாரும் தள்ளாமலேயே நின்றுவிட்டது. தம்பியோடு இரண்டு அறை வீட்டில் இருந்தாள். அவன் செல்போன் பழுது பார்ப்பவன், நடந்துகொண்டே சாப்பிடுகிறவன், அவள் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் அவன் முடித்துவைப்பான், பெரும்பாலும் தப்பாக.

அந்த அட்டை விளையாட்டை வீட்டுக்குள் கொண்டுவந்தவனும் அவன்தான். செல்போனில் ஆடுவது, இன்னும் வெளிவராதது. சோதித்துப் பார்க்க அறுபது பேரைச் சேர்த்தார்கள். தெரிந்தவர் ஒருவரை அழைக்கலாம் என்றதும் அக்காவைச் சேர்த்துவிட்டான். தோற்கடிக்க ஓர் ஆள் கைவசம் இருக்கட்டும் என்ற நல்லெண்ணம்.

விளையாட்டு அரைவேக்காடு. பாதி அட்டைகளில் சாம்பல் நிறக் கட்டமும் ‘படம் வரும்’ என்ற எழுத்தும்தான். ‘உறங்கும் மணி’ என்ற அட்டையில் யாரோ பென்சிலால் ஒரு வட்டம் போட்டுவிட்டு எழுந்து போயிருந்தார்கள். வாள் வீசினால் சத்தம் வராது. செத்த வீரன் சில சமயம் விழ மறந்து நின்றுகொண்டிருப்பான். சேர்த்த அட்டைகள் எல்லாம் வெளியீட்டு நாளில் அழிக்கப்படும் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருந்தது. தம்பிக்கு அது பெரிய மனக்குறை. அவளுக்கு இல்லை. மெழுகுப் பல்லும் உலோகம் வார்ப்பதற்கு முன் உருகிப் போவதுதானே.

அவளுக்குப் பிடித்தது எழுபது நொடி. ஒவ்வொருவர் முறைக்கும் அவ்வளவு நேரம். திரையின் மேல் ஓரத்தில் ஒரு நீலக் கோடு மெல்லக் குறுகும். அது தீரும்வரை எதிராளி வாயைத் திறக்க முடியாது. குறுக்கே யாரும் விழாத எழுபது நொடி அவளுக்கு அதுவரை வாய்த்ததில்லை. கடைசித் துளிவரை எடுத்துக்கொண்டாள். மூன்றாம் வாரம் பட்டியலில் அவள் ஒன்பதாம் இடம், தம்பி முப்பத்தொன்று.

“நீ ஒரு அட்டைய வைக்கிறதுக்குள்ள நான் குளிச்சிட்டு வந்துரலாம்க்கா.”

“போய் குளியேன். வீட்டுக்கும் நல்லது.”

சிறு கூட்டம் என்பதால் ஆடியவர்களோடே திரும்பத் திரும்ப ஆட வேண்டும். அவளோடு மாட்டியவர்கள் எல்லோரும் விளையாட்டு நிறுவனத்துக்குப் புகார் எழுதினார்கள். ஒரு திங்கட்கிழமை அறிவிப்பு வந்தது: நேரத்தை இருபத்தைந்து நொடியாகக் குறைக்கலாமா? சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குள் கருத்து எழுதவும். எழுதாதவர்கள் சம்மதித்ததாகக் கொள்ளப்படும்.

தட்டச்சு செய்து தருவதாகத் தம்பி சொன்னான். குறைக்கச் சொல்லி அவன் ஏற்கெனவே எழுதியிருந்தான். அதை மறைக்கவும் இல்லை.

“வேண்டாம்ப்பா. நான் சொல்றதுக்கு முன்னாடி நீயே முடிச்சிருவ,” என்றாள்.

கருத்துப் படிவம் பத்து நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும்; எழுதியது போய்விடும். வியாழக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ஒரு வரி எழுதி, அழித்து, வேறு வரி யோசிப்பதற்குள் மூடிக்கொண்டது. வெள்ளியன்று இரண்டு வரி. சனிக்கிழமை கையைக்கூடக் கழுவாமல், விரலில் மெழுகோடு உட்கார்ந்து முழுதும் எழுதிவிட்டாள். அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பார்ப்போம் என்று முதல் வரிக்குப் போனாள். படித்து முடிக்கும்போது திரை வெள்ளையாக இருந்தது. மணி இரண்டு.

முடிவு வெளியானது: ஆதரவு ஐம்பத்தேழு, எதிர்ப்பு மூன்று. அந்த ஐம்பத்தேழில் அவளும் ஒருத்தி.

நீலக் கோடு இப்போது கண் சிமிட்டுவதற்குள் தீர்ந்தது. அட்டையைத் தேர்ந்தெடுப்பதற்குள் முறை கைமாறியது. தொடர்ந்து ஏழு ஆட்டம் தோற்றாள். நாற்பத்துநாலாம் இடம். தம்பி ஆறுதல் சொன்னான். அவன் குரலில் கொஞ்சம் சந்தோஷமும் கலந்திருந்தது.

அடுத்த வாரம் கூடத்தில் ஒரு கீழ்த்தாடை அச்சு ஊற்றிவிட்டு, அது இறுகக் காத்திருந்தாள். காத்திருக்கும்போது எப்போதும் செய்வதுபோல, எதிரே இருக்கும் மேல்தாடையைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே தேய்ந்திருக்கிறது, எந்தப் பல் எதன்மேல் வந்து உட்காரும் என்று. பார்த்துக்கொண்டே இருந்தவள் அப்படியே நிறுத்தினாள். விளையாட்டில் அவள் இதைச் செய்ததே இல்லை. எதிராளியின் முறை வந்தால் போனைக் கவிழ்த்துவிடுவாள். அடுத்தவர் யோசிக்கும்போது உற்றுப் பார்ப்பது மரியாதை இல்லை என்று நினைத்திருந்தாள். அவளை அப்படிப் பார்த்தவர்கள் ஏராளம்.

எதிராளியின் இருபத்தைந்து, தன் இருபத்தைந்து. ஐம்பது. இருபது நொடி நட்டம்தான், சமாளிக்கலாம்.

ஞாயிறு காலை விளையாட்டு அவளையும் தம்பியையும் எதிரெதிராகச் சேர்த்துவிட்டது. அவன் முன்னறையில், அவள் சமையலறை முக்காலியில். அவன் ஒரு வீரனை இறக்கினான். மூன்று நொடியில் அவள் அட்டை விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அடுத்தது இரண்டு நொடி.

முன்னறையில் கட்டில் கிரீச்சிட்டது.

“அக்கா, போன யார்கிட்ட குடுத்த?”

அவன் முறையில் இன்னும் பதினெட்டு நொடி இருந்தது. தன் கையிலிருந்த ‘உறங்கும் மணி’யின் பென்சில் வட்டத்தின் மேல் விரலை வைத்தபடி, திரையில் அவனுடைய பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.