மிச்சம் போன இடம்

அந்தத் தெருவில் அவரை எலி மாமா என்று கூப்பிடாதவள் அவருடைய மனைவி மட்டும்தான். அவளுக்கு அவர் ‘என்னங்க’. பக்கத்து வீட்டுப் பூனையும் கூப்பிட்டதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவர் கால்சட்டையை ஆசை ஆசையாக மோந்து பார்ப்பதோடு சரி.

அவருக்கு வேலை நீரிழிவு ஆராய்ச்சிக்கூடத்தில், எலிகளைப் பார்த்துக்கொள்வது. செருப்பை மாற்றி, மேலங்கி மாட்டி, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். சுவரோரம் அடுக்கடுக்காகப் பெட்டிகள், அடியில் மரத்தூள். ஒரு பக்கத்து எலிகளுக்குச் சாதாரணத் தீனி, மறுபக்கத்துக்குக் கொழுப்புத் தீனி. கொழுப்பு தின்கிறவை கொஞ்ச நாளில் உருளைக்கிழங்குக்கு வால் முளைத்த மாதிரி ஆகிவிடும். இரத்தத்தில் சர்க்கரையும் ஏறும். மனிதர்களுக்கு இந்தச் சீக்கு எப்படி வருகிறது என்று அவற்றை வைத்துத்தான் பார்க்கிறார்கள். மூலை அடுக்கில் இருப்பவை பிறவிக் கோளாறு உள்ளவை. எவ்வளவு தின்றாலும் வயிறு நிறைந்த சேதி அவற்றின் மூளைக்குப் போய்ச் சேராது. மாமாவுக்கு அவற்றின்மேல் தனிப் பாசம். யாராவது தீனிப்பண்டாரம் என்று சிரித்துவிட்டால் அவர் முகம் சுண்டிப் போகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் ஒரு தப்புப் பண்ணினார். வைத்த தீனியை நிறுத்தார், மிஞ்சியதை நிறுத்தார், கழித்துச் சொல்லிவிட்டார். எலிகள் யானைப் பசியில் தின்றதாகக் கணக்கு வந்தது. எடை மட்டும் அதற்கேற்ப ஏறவில்லை. ஆராய்ச்சி டாக்டரம்மா திட்டவில்லை. பெட்டியின் மரத்தூளைச் சல்லடையில் கொட்டிச் சலித்துக் காட்டினார். உதிர்ந்த தீனி ஒரு குவியல் தேறியது. கொழுப்புத் தீனி மெத்தென்று இருக்கும். எலி கடிக்கும்போதே பாதி உதிர்ந்துவிடும். “வெச்சது, மிஞ்சினது, சிந்தினது. மூணையும் பாத்தாதான் தின்னது எவ்வளவுன்னு தெரியும்,” என்றார் டாக்டரம்மா. அன்றிலிருந்து மாமா சல்லடையைக் கீழே வைத்ததில்லை.

வீட்டில் மனைவிக்கும் சர்க்கரை. அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். வயதாகும் முன்பே ஒரு கண்ணில் புரை விழுந்து, ஊசியில் நூல் கோக்க மகன்களைக் கெஞ்ச வேண்டிய நிலைமை. கையால் தடவித் தடவித் தைத்ததில் ஒரு சட்டையின் பை உள்பக்கமாகப் போய் உட்கார்ந்துவிட்டது. பையன்கள் சிரித்தார்கள். அவள் அழுதாள். கண்ணில் அறுவைச் சிகிச்சை செய்தால் தீர்ந்தது, ஆனால் சர்க்கரை இறங்காமல் கை வைக்க மாட்டேன் என்று கண் டாக்டர் இருமுறை திருப்பி அனுப்பிவிட்டார். அதற்குள் அடுத்த கண்ணும் மங்க ஆரம்பித்தது.

அவள் சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தாள். மாத்திரை ஒருவேளைகூடத் தப்பவில்லை. சர்க்கரை மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. மாமாவுக்குச் சந்தேகம் தட்டியது. அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து அலமாரியைத் துழாவினார். கடைசியில் நூல் டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டிருந்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள்.

“நானும் உங்க எலியில ஒண்ணுன்னு நெனச்சீங்களா? ஒரு வாய் ஒளிச்சுத் தின்னிருந்தா இந்தக் கண்ணு அவிஞ்சு போகட்டும்.”

எந்தக் கண்ணுக்காக மாய்ந்து மாய்ந்து அலைகிறாரோ அந்தக் கண்ணையே அவள் பணயம் வைத்தாள். மாமா டப்பாவை மூடி அலமாரியில் வைத்தார். அதன்பிறகு சில நாள் வீட்டில் தையல் இயந்திரம் மட்டும்தான் பேசியது.

ஒரு சாயங்காலம் குப்பையைக் கொட்டப் போனவர் நடுவழியில் நின்றார். பை காற்றாக இருந்தது. உள்ளே காய்த் தோலும் நூல் பிசிறும்தான். அவருடைய இரண்டு பையன்களுக்கும் பசி கண்ணில்தான். தட்டு நிறைய வாங்கிக்கொண்டு பாதியில் எழுந்து ஓடுகிற ரகம். ரொட்டி ஓரம், கடித்துவிட்டு வைத்த வாழைப்பழம், ஆறிப்போன முட்டை, அதெல்லாம் எங்கே? வைத்தது அவருக்குத் தெரியும். பாத்திரத்தில் மிஞ்சியதும் தெரியும். இந்த வீட்டில் சிந்தினது என்று ஒன்றுமே இல்லையே என்று அவருக்குச் சுருக்கென்றது.

மறுநாள் பையன்கள் சாப்பிடும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். பையன்கள் வழக்கம்போல ஓடினார்கள். அவள் இரண்டு தட்டையும் எடுத்துக்கொண்டு, அவர்களைத் திட்டிக்கொண்டே பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் நடந்தாள். திட்டுக்கு நடுவே ரொட்டி ஓரம் வாய்க்குள் போனது, பின்னாலேயே பாதி முட்டையும். தட்டு தொட்டிக்குப் போய்ச் சேர்வதற்குள் துடைத்து வைத்தாற்போல ஆகிவிட்டது.

“இப்ப வாயில என்ன போட்ட?” என்று மெதுவாகக் கேட்டார்.

“நானா? ஒண்ணும் போடலையே.” சொல்லும்போதே அவள் தாடை நின்றுபோனது. “இது... பசங்க மிச்சம் வெச்சதுங்க. வீணாப் போகுதேன்னு. இத நான் சாப்பாடுன்னே நெனச்சதில்ல.”

அவள் பொய் சொல்லவில்லை, ஒருநாளும் சொன்னதில்லை. அவர் தலையில் அடித்துக்கொண்டார். “நூல் டப்பாவுல தேடினேன் பாரு, என்னைச் சொல்லணும்,” என்றார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் சாப்பாட்டைக் குப்பையில் கொட்ட அவளுக்கு மனசு வராது என்று அவருக்குத் தெரியும். இனிமேல் பையன்களின் தட்டைத் தானே எடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். சொன்னபடியே எடுத்தார். குப்பைப் பை மட்டும் அதற்குப் பிறகும் கனக்கவில்லை.

சர்க்கரை மெல்ல மெல்ல இறங்கியது. கண் டாக்டர் இந்த முறை திருப்பி அனுப்பவில்லை. கட்டுப் பிரித்த காலையில் மாமா தலை வாரி, அவள் முன்பு தைத்துக் கொடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றார். வெளிச்சம் கூசிய கண்ணை இமைத்து இமைத்து அவள் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். வயிற்றுக்கு நேரே ஒரு பட்டன், இதோ தெறிக்கிறேன் என்று இழுத்துக்கொண்டு நின்றது.

“மிச்சமெல்லாம் எங்க போச்சுன்னு இப்பதாங்க தெரியுது.”

மாமா வயிற்றை எக்கிப் பார்த்தார். பலிக்கவில்லை. இனி பையன்களுக்கு அரைத் தட்டுதான், வேண்டுமானால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளட்டும் என்று அவள் அங்கேயே சட்டம் போட்டாள். சில வாரம் கழித்து, தைக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றே, யாரையும் கூப்பிடாமல் தானே ஊசியில் நூலைக் கோத்து, அந்தப் பட்டனைக் கொஞ்சம் தள்ளித் தைத்தாள்.